ஸிராஜ் என்றொரு வாடிக்கையாளர்

எங்கள் வீட்டில் என் பெயரில் இருப்பவை மூன்று. ஒன்று அடையாள அட்டை. இன்னொன்று பென்ஷன் வரும் வங்கிக் கார்ட். மற்றது பிரஷருக்கு மருந்து எடுக்கும் கிளினிக் கொப்பி.

மிச்சமெல்லாம் சுபைறாவின் பெயரில். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. கரண்ட் பில் அவள் பெயரில் வரும். தண்ணீர் பில்லும் அப்படியே. பாலமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்து முப்பத்தொரு வருஷமாகிறது. இன்றைக்கும் தபால்காரன் என்னைக் கண்டால், “சுபைறாட மாப்புள தானே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் கடிதம் தருவான். இத்தனைக்கும் நான் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். என் செருப்புச் சத்தம் கேட்டால் தொள்ளாயிரம் பிள்ளைகள் வாயை மூடுவார்கள். வீட்டில் பூனைகூட எழும்பாது.

ஓய்வுபெற்றதும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. மகள் றிஸ்லா கொழும்புக்கு வேலைக்குப் போகுமுன், இணையச் சந்தையொன்றில் தாய்க்கு ஒரு கடை திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். மருதமுனைக் கைத்தறிச் சாரிக் கடை. என்னுடைய வாசிப்பறை களஞ்சியமானது. என் பென்ஷன் மாதத்தில் ஒரு நாள் வரும். அவளுடைய போன் நாள் முழுக்க ‘டிங்’ என்னும். ஒவ்வொரு டிங்குக்கும் நான் அரை அங்குலம் குறைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. யாரோ ஒரு பெண் கார்டில் பணம் கட்டிச் சாரி வாங்கினாள். கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் போனாள். பிறகு, “சாரி எனக்கு வந்து சேரவில்லை” என்று வங்கிக்கு முறைப்பாடு செய்தாள். எங்களிடம் காட்ட ஓர் ஆதாரமும் இல்லை. வங்கி பணத்தை ‘ரிவர்ஸ்’ பண்ணி அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. சாரியும் போச்சு, காசும் போச்சு. சுபைறா குசினியில் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனவருத்தம்தான். வருந்திக்கொண்டே பேனையைத் தேடினேன்.

அஸர் தொழுகைக்கு முன்னர் சுற்றுநிருபம் தயார். ‘பாதுகாப்புச் சுற்றுநிருபம், இலக்கம் ஒன்று.’ அனுப்புமுன் வாடிக்கையாளரின் இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்த வேண்டும். பொதி கட்டுவதை ஆரம்பம் முதல் முடிவு வரை வீடியோ எடுக்க வேண்டும். கூரியர்காரன் கையொப்பம் வாங்காமல் பொதியைக் கொடுக்கக் கூடாது. முடிந்தால், பொதியைப் பெற்றவர் அதைப் பிரிப்பதையும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பணிவாகக் கேட்க வேண்டும். கீழே திகதி, என் கையொப்பம், பழைய பழக்கத்தில் ‘அதிபர்’ என்றும் போட்டுவிட்டேன்.

“இதென்ன?” என்றாள் சுபைறா.

“சுற்றுநிருபம்.”

“ஆருக்கு?”

“உனக்குத்தான். வாசிச்சுக் கையொப்பம் வை.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“நல்லாத்தான் இரிக்கி. எல்லாம் செய்றன்.”

“செய்தா மட்டும் காணாது கா. மேற்பார்வை வேணும். அந்தப் போன என்ட கையில தா. கடை நிர்வாகத்த இனி நான் பாக்குறன்.”

“பாத்து என்ன செய்யப் போறீங்க?”

“ஒழுங்குபடுத்துவன்.”

“எப்பிடி? சாரியெல்லாத்தையும் வரிசையா நிக்கவெச்சு பெல் அடிச்சா?”

“பகிடி விடாத. இன்னொராள் ரிவர்ஸ் பண்ணினா என்ன செய்வா?”

அவள் சுற்றுநிருபத்தை நாலாக மடித்தாள். “இஞ்ச பாருங்க, றிஸ்லாட வாப்பா. நீங்க எழுதினதெல்லாத்தையும் ஒண்டும் விடாமச் செய்றன். ரெண்டு மாசத்துக்குள்ள ஒராள், ஒரே ஒராள் ரிவர்ஸ் பண்ணிக் காச எடுத்தாலும், போனும் கடையும் உங்கட கையில. எடுக்க ஏலாமப் போனா, நிர்வாகம் எண்ட கதையே இந்த வீட்டில வரப்படாது. சரியா?”

“சரி.”

பந்தயம் ஹறாம். ஆகையால் நாங்கள் அதை உடன்படிக்கை என்று அழைத்தோம்.

ஒரு மாதம் போனது. ஒருவரும் ரிவர்ஸ் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, சுபைறா அழைத்து உறுதிப்படுத்துவது வாடிக்கையாளர்களுக்குப் பெரிய சந்தோஷமாகப் போய்விட்டது. ‘எவ்வளவு பொறுப்பான கடை!’ என்று நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார்கள். முப்பது வருஷ சேவையில் நான் விட்ட சுற்றுநிருபங்களில் வேலை செய்தது இது ஒன்றுதான். அதுவும் எனக்கு எதிராக வேலை செய்தது.

இன்னும் நாலு கிழமைதான் இருந்தது. நாட்டில் மோசடிக்காரர்கள் இவ்வளவு சோம்பேறிகளாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, மற்றவர்களை நம்பிப் பயனில்லை, நானே வாடிக்கையாளராகி, நானே வாங்கி, நானே ரிவர்ஸ் பண்ணுவது என்று தீர்மானித்தேன்.

இதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். பாடசாலையில் சுனாமி ஒத்திகை நடத்துவோம். சைரன் அடிக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள், கடல் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதுபோல இதுவும் ஓர் ஒத்திகை. கடையின் பலவீனத்தைக் காட்டி, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, பிறகு காசைக் கொடுத்துவிடுவேன். அநேகமாக.

ஸிராஜ் என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். பணம் என் கார்டில்தான். ஆனால் கார்டில் உள்ள பெயர் கடைக்காரருக்குத் தெரியாது. அதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். காசு திரும்பி வரத்தானே போகிறது என்ற தைரியத்தில், கடையிலேயே விலை கூடிய சாரியைத் தெரிந்தெடுத்தேன். கிளிப்பச்சை, கரையில் பொன்னிறம். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

விலாசம்தான் சிக்கல். எங்கள் வீட்டுக்குச் சாரி வர முடியாது. பாலமுனையில் ஒரே வளவுக்குள் எனக்கு மூத்த சகோதரிகளான மூன்று ராத்தாமாருக்கும் மூன்று வீடுகள் இருக்கின்றன. மூத்தவர் சித்தி லைலா. அதிகம் கேள்வி கேட்க மாட்டார் என்று அவருக்கு அழைத்தேன்.

“ராத்தா, ஸிராஜ் எண்ட பேரில ஒரு பார்சல் வரும். எடுத்து வைங்க. உடைக்க வேணாம்.”

“ஆரு தம்பி ஸிராஜ்?”

“ஒரு கூட்டாளி.”

“கூட்டாளிக்கு வீடு வாசல் இல்லயா?”

“இரிக்கி. தூரம்.”

“என்ன சாமான்?”

“புத்தகம்.”

“ஆ, சரி சரி.” அத்தோடு ராத்தாவின் ஆர்வம் அற்றுப்போனது.

கூரியர்காரன் அழைப்பதற்கு இணையச் சந்தை ஒரு போன் இலக்கமும் கேட்டது. என் இலக்கத்தைக் கொடுக்க நான் என்ன மடையனா? ராத்தாவின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை சுபைறா அந்தக் கிளிப்பச்சையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“ஒருக்கா போனப் புடிங்க. பார்சல் கட்டப் போறன். ஆரோ ஸிராஜாம், உங்கட ஊர்தான். தெரியுமா?”

“பாலமுனையில எத்தின ஸிராஜ்!”

“நல்ல மனிசன் போல. விலை கேக்கல்ல, குறைக்கச் சொல்லல்ல. இவ்வளவு காசுக்கு வாங்கிக் குடுக்கான். அவன்ட பொஞ்சாதி குடுத்து வெச்சவ.”

“ம்.”

“நீங்க ஏன் ஆடுறீங்க? போன நேராப் புடிங்க.”

மூன்றாம் நாள் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று எனக்குச் செய்தி வந்தது. ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள், பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் வேப்பமரத்தடியில் நின்று, ‘பொருள் கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும்’ என்ற பொத்தானை அழுத்தினேன். சட்டைக் கொலரை நேராக்கிக்கொண்டேன். பதவியேற்பு என்றால் யாரும் அப்படித்தானே செய்வார்கள்.

மறுநாள் காலை பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுபைறா போனோடு வந்தாள்.

“ஒராள் ரிவர்ஸ் கேட்டிருக்கான்.”

“யா அல்லாஹ்! ஆரு?”

“ஸிராஜ்.”

“அந்த நல்ல மனிசனா?” பிட்டு தொண்டையில் அடைப்பதுபோல நடித்தேன். உண்மையாகவே அடைத்தது.

“ஏழு நாளைக்குள்ள ஆதாரம் அனுப்பணுமாம். இல்லாட்டி காசு அவனுக்கு.”

“அனுப்பி வேலையில்ல சுபைறா. இப்பிடியான ஆக்களோட மல்லுக்கட்ட ஏலாது. விடு. போனத் தா.”

“அவசரப்படாதீங்க. நீங்கதானே பாதுகாப்பு. ஒண்டொண்டாப் பாப்பம்.” கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இது பார்சல் கட்டின வீடியோ.”

“படம் ஆடுது. செல்லாது.”

“புடிச்ச ஆள் ஆடினார். சரி, இது கூரியர் கையொப்பம்.”

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ‘சித்தி லைலா’ என்று ராத்தா வட்டமான எழுத்தில் வடிவாக எழுதியிருந்தார். எனக்கு உற்சாகம் பொங்கியது.

“வாங்கினது ஸிராஜ்! கையொப்பம் வேற ஆள்! பெயர் பிழை! தள்ளுபடி!”

சுபைறா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். தன் உடன்பிறந்த ராத்தாவின் பெயரை அந்த இடத்தில் பார்த்தால் ஒரு மனிதன் முதலில் ஆச்சரியப்பட வேண்டும். நான் ஆச்சரியப்பட மறந்துபோனேன்.

“சித்தி லைலா ஆரெண்டு கேக்கல்லயே நீங்க?”

“பாலமுனையில எத்தின சித்தி லைலா...”

“றிஸ்லாட வாப்பா, உங்கட சுற்றுநிருபத்தில முதலாவது என்ன எழுதி இரிக்கி?”

“அனுப்ப முந்தி... கோல் எடுக்கணும்.”

“எடுத்தன். ஸிராஜிட நம்பர அடிச்ச உடனே போன் பேரக் காட்டிச்சு. ‘பாலமுனை மதினி’ எண்டு.”

பிட்டுக் கோப்பையை ஆழமாகப் பார்த்தேன். அதற்குள் போய் ஒளிந்துகொள்ள இடமில்லை. முப்பத்தொரு வருஷமாகப் பெருநாளைக்குப் பெருநாள் இவள் ராத்தாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இலக்கம் பதிந்திருக்காமல் எங்கே போகும்? அழைத்துப் பார்க்கச் சொல்லிக் கட்டளை போட்டவனும் நான்தான்.

“ராத்தாட்ட என்ன சொன்ன?”

“கள்ளன் எண்டு சொல்லல்ல, பயப்படாதீங்க. ‘உங்கட தம்பி உங்களுக்கு ஒரு சாரி வாங்கி அனுப்புறார், வெக்கத்தில வேற பேரப் போட்டிருக்கார், அவராச் சொல்லுமட்டும் தெரிஞ்சதாக் காட்டிக்காதீங்க’ எண்டன். பொறகு உங்கட மத்த விதி. பிரிக்கக்குள்ள வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னன். பாருங்க.”

வீடியோவில் ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பொதியைப் பிரித்தார். சாரியை மடியில் விரித்தார். கரையைத் தடவினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

“வாப்பா மௌத்தான பொறகு எனக்கெண்டு ஆரும் ஒரு உடுப்பு எடுத்துத் தரல்ல. என்ட தம்பி தந்திருக்கான். யா அல்லாஹ், என்ட தம்பி அபுல் ஹஸன நல்லா வைப்பாயாக. அவன்ட கண்ணுக்கும் கைக்கும் கேடு வராமக் காப்பாத்துவாயாக. ஆமீன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நடித்த வெட்கமல்ல. கல்யாணம் முடித்து அந்த வளவைவிட்டு வந்த நாள் முதல் ராத்தாவுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது பெருநாளைக்கு ஒரு கிலோ முந்திரிகைப் பழம். அதிலும் பாதியை நானே சாப்பிட்டுவிட்டு வருவேன். அந்தக் கைக்காகத்தான் அவர் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார், அந்தக் கை நேற்று வேப்பமரத்தடியில் என்ன செய்தது என்று தெரியாமல்.

“அனுப்பவா?” சுபைறாவின் பெருவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. “எல்லாம் இரிக்கி. கோல், வீடியோ, கையொப்பம், வாங்கின ஆள்ட துஆ. அதிலயும் உங்கட முழுப் பேர். கார்டில உள்ள அதே பேர்.”

“வேணாம்!”

“ஏன்? ஆதாரம் காணாதா?”

“காணும். கூடிப்போச்சு.”

முறைப்பாட்டை வாபஸ் வாங்கினேன். பதினாலாயிரத்து ஐந்நூறும் என் பென்ஷனிலிருந்து புறப்பட்டுச் சுபைறாவின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. குடும்பத்துக்குள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உடன்படிக்கைப்படி நிர்வாகம் என்ற சொல்லும் வீட்டிலிருந்து வெளியேறியது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து உட்கார, நடு ராத்தா அழைத்தார். “தம்பி, மூத்தவளுக்கு மட்டும்தான் நீ தம்பியா?” அவர் வைத்த கையோடு மூன்றாவது ராத்தா. மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

எழுந்து போய், ஒரு காலத்தில் என் வாசிப்பறையாக இருந்த இடத்தின் வாசலில் நின்றேன். சுபைறா சாரி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கிளிப்பச்சையில இன்னும் ரெண்டு இரிக்கா?”

“இரிக்கி. ஆருக்கு?”

“மத்த ரெண்டு ராத்தாக்கும். இந்த முறை என்ட பேரிலேயே எழுது.”

“சந்தோசம்.” இரண்டு சாரிகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். “இருபத்தொன்பதினாயிரம்.”

“மாப்புளைக்குக் கழிவு இல்லயா?”

“துஆவுக்குக் கழிவு இரிக்கா?”

பெருந்தன்மையோடு கார்டை எடுத்து நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டு, அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“கார்ட் எடுக்க மாட்டன். நீங்க ரிவர்ஸ் பண்ணுற ஆள். காசாத் தாங்க, சாரியத் தாறன்.”