தேங்காய் தூங்கிய இடம்

வேலம்பாளையத்தில் அந்த வாரம் இரண்டே பேச்சு. ஒன்று, போர்வெல் வற்றியது. இன்னொன்று, தேங்காய்ச் சாமியார் வருவது.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். குறித்த இடத்தில் தண்ணீர் வந்தால் சாமியாரின் அருள். வராவிட்டால் வீட்டுக்காரரின் பாவம். இப்படியொரு கியாரண்டி எந்த மிக்ஸிக்கும் கிடையாது.

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் வேல்குமார்தான் அவரை அழைத்தவன். மனைவி ஜெயபாரதியிடம் சொல்லத் தைரியமில்லாமல் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான். தெருவே வந்து நின்றது.

"மாடி மழையத் தொட்டில புடிக்கறீங்களாமா? வானத்துத் தண்ணிய அடைச்சு வெச்சா பூமித் தண்ணி கோவிச்சுக்கும் கண்ணு. தொட்டிய மண்ணப் போட்டு மூடு. அப்பறம் போர் போடு" என்றார் சாமியார்.

வீடு கட்டும்போது ஒற்றை ஆளாகச் சண்டை போட்டு அந்த நிலத்தடித் தொட்டியைக் கட்டவைத்தவள் ஜெயபாரதி. போர்வெல் காற்று விட்ட நாளெல்லாம் வேல்குமார் குளித்தது அந்தத் தண்ணீரில்தான். குளித்த நன்றியோடு மண்வெட்டியை எடுத்தான்.

"ஏனுங்க, துணிய வெட்டறதுக்கு முந்தி நனைச்சுச் சுருங்குதான்னு பாப்பீங்கல்ல?" என்றாள் ஜெயபாரதி.

"பாக்காம? ரோல் பூரா வீணாப் போயிருமே புள்ள."

"அப்ப தேங்காயையும் ஒருக்கா பாத்துருங்க. சாமி, தொட்டி இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் இருக்குதுங்க. போன வாரத்து மழைல நெறஞ்சு கெடக்குது. எங்கேன்னு காட்டிட்டு மூடுங்க."

சாமியார் சிரித்தார். நடந்தார். போர்ட்டிகோவை மூன்று முறை கடந்தார். தேங்காய் நன்றாகத் தூங்கியது. கொல்லையில் வாழையடி ஈரமாகத் தெரிந்ததும் விழித்து நின்றது. அதற்குச் சற்று முன் அவர் மணிக்கட்டு சாய்ந்ததை வேல்குமார் பார்த்தான். துணி அரை நூல் கோணினாலும் பிடிக்கிற கண் அது.

ஜெயபாரதி போர்ட்டிகோவில் கிடந்த பாயை இழுத்தாள். மூடியைத் தூக்கி வாளியை விட்டாள். தளும்பத் தளும்ப வந்தது.

"அது... மழைத் தண்ணிம்மா. தேங்காய்க்குப் பூமித் தண்ணிதான் தெரியும்."

"பூமிக்குள்ள இருக்கறது எங்கிருந்து போனதுங்க சாமி? லாரிலயா?"

கூட்டம் சிரித்தது. சாமியார் வண்டியை எடுத்த அவசரத்தில் தேங்காயை விட்டுவிட்டார். வேல்குமார் மண்வெட்டியை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே தேங்காயை உடைத்துத் துருவ உட்கார்ந்தான்.

சட்னி நன்றாகவே இருந்தது. தேங்காய்க்கு அந்த வேலை போதும். யோசிக்கிற வேலைக்குத் தலை இருக்கிறது. அதையும் சிலர் உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு திரிகிறார்கள்.