ஒன்றாம் நம்பர் பலா

மரம் விழுந்தபோது அங்கே இருந்தவர்கள்: மரம் முறிக்க வந்த நான்கு பேர், கட்டிப்போட்டிருந்த ஓர் ஆடு. இல்லாதவர்கள்: மரத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து விளை ஸ்டெல்லா மாமி (சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம்), ரப்பர் பால் வெட்டப் போயிருந்த என் அப்பா, அப்புறம் நான். நான் மரங்களைக் காப்பாற்றும் வேலையாக வெளியே போயிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். படித்தது தாவரவியல். அதனால் குன்னத்துகாலில் ஏழு சென்ட் நிலத்தில் அக்காவுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது, மரங்கள் விஷயத்தில் என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று அறிவித்தேன். (யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

நிலத்தின் நடுவில் நின்ற அயனி மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. அஸ்திவாரச் செலவுக்காக அப்பா அதை ஒரு மரத்தடி வியாபாரிக்கு விற்றிருந்தார். வியாபாரி வந்து சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அதற்கு ஈடாகப் பத்துக் கன்று நடுவோம் என்றேன்.

"ஏழு சென்ட்ல பத்து மரமா? வீட்ட எங்கலே வைக்க, கொம்புலயா?" என்றாள் அக்கா.

மிச்சம், எல்லையில் நின்ற மாமியின் பலா. எங்கள் நிலத்துக்கு வழியே மாமியின் விளைக்குள், அந்தத் தோட்டத்தின் ஊடாகத்தான். கல் லாரி போக அவர் வாய்வார்த்தையாகச் சம்மதித்திருந்தார். அது இல்லையென்றால் அக்காவுக்கு வீடு இல்லை. ஜேசிபி பலாவின் வேரைக் கிழித்து, மாமி மனம் மாறிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

"மாமி, உங்க பிலாவ நான் காப்பாத்தப் போறேன்."

"அது நல்லாத்தான நிக்குது மக்கா. யாருட்ட இருந்து?"

"ஜேசிபிட்ட இருந்து."

"படிச்ச பிள்ளையாக்கும். என்னமும் செய்யி."

சுற்றிலும் கயிறு கட்டினேன். இது தொடக்கூடாத மரம் என்று ஓட்டுநருக்குத் தெரிய வேண்டுமே என்று, ரோட்டைப் பார்த்து ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக '1' என்று எழுதினேன். வீட்டில் கிடந்த பெயிண்ட் சிவப்பு.

மறுநாள் கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் பத்துக் கன்று வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். வழக்கத்தைவிட வானம் அதிகமாகத் தெரிந்தது. பலா நின்ற இடத்தில் தடி வியாபாரியின் ஆட்கள் நான்கு பேர் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்புப் பெயிண்டு அடிச்ச மரத்த முறிக்கச் சொன்னாரு மொதலாளி. நம்பரே போட்டிருக்கே சாரே," என்றார் அவர்களில் மூத்தவர். "ரண்டாம் நம்பர் எங்க உண்டு?"

எங்கள் பக்கத்தில் பெயிண்ட் அடித்த மரம் என்றால் விற்ற மரம். அங்கன்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று வருடப் படிப்பில் எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

அப்பா வந்தார். மரத்தைப் பார்த்தார். என் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பார்த்தார். "எலே, உன்னப் படிக்க வச்ச நேரத்துல நாலு மரம் வச்சிருக்கலாம்."

ஜெபக்கூட்டம் முடிந்து மாமி வந்தார். வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழிக்குக் குறுக்கே கிடந்த தடியில் உட்கார்ந்தார்.

"மாமி, லாரி..."

"போவட்டு மக்கா. இந்த மரம் எந்திச்சு நின்ன பெறவு போவட்டு."

அந்தப் பலாத் தடியை விற்ற பணம் முழுவதையும் மாமிக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், வழி மட்டும் திறக்கவில்லை. பதினோரு நாள் ஒரு லாரியும் வரவில்லை, அக்காவும் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பத்துக் கன்றையும் சுமந்து மாமியின் வாசலில் வைத்தேன். ஒட்டுப் பலாவை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் என்னையே குழி தோண்டச் சொன்னார்.

"பழைய மரம் வருசம் நாப்பது சக்கை தரும்." (எங்கள் ஊரில் பலாப்பழம் சக்கைதான்.) "இது நாப்பது தாறது வர நீ தரணும். கெட்டிச் சுளை வரிக்கையாக்கும் வேணும். கொழகொழன்னு கூழஞ்சக்கை கொண்டு வந்திராத."

மறுநாள் லாரி போனது. வீடும் எழுந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், "ரண்டாம் நம்பர் எங்க உண்டு மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு இலை போடுகிறார்கள்.

இது நான்காவது சீசன். கன்று முதன்முதலாகக் காய்த்தது, ஒன்றே ஒன்று. மாமி அதைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்து, இந்த வருட நாற்பதில் கழித்துக்கொண்டார். ஆக, இதுவரை நான் கொடுத்தது நூற்று ஐம்பத்தொன்பது சக்கை.