அரக்க அரசனின் நகம்

வீட்டின் மூன்றாவது அறை இனி தன்னுடைய ஆட்ட அறைதான் என்று கணக்கு வாத்தியார் முடிவு கட்டிவிட்டார். அதில் தையல் மெஷின் போடப்போவதாக மனைவி முடிவு கட்டிவிட்டாள். பேசித் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாகச ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கே அறை என்று ஒப்பந்தமானது.

பகடை உருட்டி, காகிதத்தில் வீரர்களை வளர்த்து, அரக்கர்களோடு மோதும் ஆட்டம் அது. அரக்கர்களை ஆட்டுவிப்பதும் விதிக்கு விளக்கம் சொல்வதும் வாத்தியார். மனைவியின் வீராங்கனையிடம் மலையைப் பிளக்கும் கோடரி ஒன்று உண்டு. அதை முறியடிக்கவே வாத்தியார் காலை முழுக்க சாப்பாட்டு மேஜையில் குனிந்து உட்கார்ந்து ஒரு புது விதி எழுதினார்.

"அரக்க அரசனோட கோட்டை வாசல்ல மந்திரக் கதவு," என்றார் மதியம், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "யார் உள்ள வந்தாலும் கையில இருக்கிற ஆயுதம் பொடிப்பொடியாப் போயிடும்."

"என் கோடரி?"

"பொடி."

"அப்ப வெறுங்கையாலதான் அடிக்கணுமா?"

"தாராளமா அடி. ஒரு அடிக்கு ஒரு புள்ளி சேதம். அரசனுக்கு உயிர்ப்புள்ளி நாற்பது."

மனைவிக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பாலிசியின் பொடியெழுத்தைப் படித்தே பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள்.

"கை ஆயுதம் இல்லையா?"

"உடம்போட ஒட்டியிருக்கிற எதுவும் ஆயுதம் ஆகாது."

"எழுதிக்கோடா," என்றாள். மந்திரவாதியாக ஆடும் அவள் தம்பி எழுதிக்கொண்டான்.

"சரி, உங்க ராஜா எதால அடிப்பார்?"

"நகத்தால! ஒரு கீறலுக்குப் பன்னிரண்டு புள்ளி!"

"நகம் உடம்போட ஒட்டியிருக்கா?"

வாத்தியார் பகடையை எடுத்துத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"அது வந்து... ராஜாவோட நகம் தனி ரகம். ஆயுதம்னே வச்சுக்கோயேன்."

"வச்சுக்கிட்டேன். அவரும் அந்தக் கதவு வழியாத்தானே உள்ள வந்திருப்பார்?"

"நகம் பொடி, மாமா," என்றான் தம்பி, உதவி செய்கிற பாவனையில்.

"ஆயுதமே இல்ல! நகம் வெறும் நகம்தான்!" என்று அலறினார் வாத்தியார்.

"அப்ப ஒரு புள்ளி."

வீராங்கனைக்கு உயிர்ப்புள்ளி ஐம்பத்தைந்து. ஏழு நாடுகளை எரித்த அரக்க அரசன், வாத்தியார் மூன்று மாதம் தூக்கம் கெட்டு உருவாக்கியவன், குழாயடிச் சண்டையில் மாட்டியவனைப் போல அறை வாங்கி வாங்கி, நாற்பதாவது அறையில் கண்ணை மூடினான். தம்பி எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினான்.

தோற்றாலும் வாத்தியார் வாக்குத் தவறாத மனுஷன். தன் ஆட்ட வரைபடங்களை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்துவிடலாம் என்று மூன்றாவது அறைக் கதவைத் திறந்தார். உள்ளே தையல் மெஷின். ஊசியில் நூல் கோத்து, பாதி தைத்த திரைச்சீலையோடு.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"காலையில, நீங்க விதி எழுதிட்டிருந்தப்ப. காலைக்கூட ஒதுக்கி வழி விட்டீங்களே!"