பதினோராவது கட்டம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

அண்ணன் சிவராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி காவேரியும் நலம். ஊசி ஏறிய என் கட்டைவிரல் மட்டும் நலமில்லை. பர்கூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நம் பெண் ஜெயப்ரியாவின் மாமனார் சென்னப்பன் தவறிய பிறகு சம்பந்தியம்மா சாந்தம்மா யாரிடமும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அத்திப்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போனால் காபி வரும்; பேச்சு வராது. ஒருநாள் அந்த மௌனம் தாங்காமல், "வருஷ திதிக்கு அவரோட மொகத்த நானே கிராஸ் ஸ்டிச்சுல தெச்சுத் தரேங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் நான் தைத்தது நீ வாங்கிக் கொடுத்த ரோஜாப்பூ ஒன்றுதான். அதையும் வந்தவர்கள் முட்டைக்கோஸ் என்றார்கள்.

கட்டத்துக்கு ஒரு தையல் என்று போட்டோவைக் கட்டம் கட்டமாக மாற்றிய சார்ட் வந்ததும் நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய்: "அண்ணா, மொதல்ல பத்து கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கோங்க. பெரிய படம், எண்ணிக்கை தப்பிரும்." நான் என்ன சொன்னேன்? "கம்பெனியில தலைமுடி கனம் தப்பிருந்தாலே பார்ட்டைத் தூக்கிக் கடாசினவன் நான். ரிட்டையர் ஆயிட்டா எண்ண மறந்துருமா?" என்றேன். கோடில்லாமல் ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று என்று எண்ணும்போது காவேரி வந்து, "ஏங்க, எலுமிச்சம்பழம் எத்தனைங்க வாங்கட்டும்?" என்றாள். "நாப்பத்தி நாலு" என்றேன். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி, படத்தில் சென்னப்பனின் இடது கண் புருவத்துக்கு மேலே. அதைப் பிரிக்கப்போய்க் கத்தரிக்கோல் துணியையும் சேர்த்து வெட்டியது.

இரண்டாவது துணியில் புத்தி வந்து கோடு போட்டேன், பால்பாயிண்ட் பேனாவால். பாதி முகம் தைத்து அலசிப் பார்த்தால் நூல் சாயம் போகிறது, கோடு போகவில்லை. "சம்பந்தி ஜெயில் கம்பிக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்குதுங்க. என்ன கேஸு?" என்றாள் காவேரி.

மூன்றாவது துணியில்தான் நீ சொன்னபடி சிவப்பு நூல் ஓட்டிக் கட்டம் பிரித்தேன். என்ன சுகம் சுகுணா! எங்கே விட்டேனோ அங்கேயே ஊசி போய் நிற்கிறது. நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் கச்சிதம். திதிக்கு முதல்நாள் உதட்டோரம் வந்தால் சார்ட்டில் இல்லாத ஒரு வரிசை மிச்சம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பதினோரு கட்டத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். கோட்டை நம்பினேன், கோட்டைப் போட்டவன் யார் என்பதை மறந்துவிட்டேன். பிரிக்க நேரமில்லை. காலியாக விட்டால் உதடு பிளந்த மாதிரி தெரியும் என்று உதட்டை அந்த வரிசையிலும் இழுத்து, மேலே ஏற்றி முடித்தேன்.

திதியன்று சாமி கும்பிட்டபின் படத்தைக் கொடுத்தேன். சாந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனிது!" என்றார். அதிர்ச்சி வந்தால் அவருக்கு 'என்ன இது' என்பதுகூடக் கன்னடத்தில்தான் வரும். நான் என் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தேன்.

"அண்ணா, கல்யாண போட்டோலகூட மொறைச்சிக்கிட்டு நின்ன மனுஷன் இவரு. வீட்ல என்கிட்ட மட்டுந்தான் இப்படி ஓரமா ஒரு சிரிப்பு சிரிப்பாரு. இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அழுதார்; பிறகு சிரித்தார்; பிறகு அவரைப் பற்றியே சாயங்காலம்வரை பேசினார். ஜெயப்ரியா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பதினோராவது கட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லோரும் என்னை மகானைப் போலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல் இன்னொரு வடை வாங்கித் தின்றேன்.

ஆகவே சுகுணா, மானம் தப்பியதே பெரிது. இனி இந்த ஜென்மத்தில் ஊசியைத் தொடமாட்டேன். துணி மாட்டும் வளையம், சார்ட், மிச்ச நூல் எல்லாவற்றையும் உனக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், பத்துவரை ஒழுங்காக எண்ணத் தெரிந்தவர்களாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்,
சிவராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சாந்தம்மா போன் செய்தார். அவருடைய மாமனார் போட்டோவும் ஒன்று இருக்கிறதாம், அவரும் முறைப்புதானாம். "அவரையும் கொஞ்சம் சிரிக்க வெச்சிருங்கண்ணா" என்றார். ஆகட்டும் என்று சொல்லித் தொலைத்தேன். பார்சலைப் பிரிக்காமல் உடனே திருப்பி அனுப்பு. அப்படியே ஒன்று சொல்: சிரிப்பு வர, கோட்டை எந்த இடத்தில் தப்பாகப் போடவேண்டும்?