பிசிறு வெட்டிய கல்

திருச்சிக் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தும் என் தங்கை மகள் தரணிக்கு, திருப்பூர் ராயபுரத்திலிருந்து மாமன் குமாரசாமி சகல சுகத்துடன் எழுதிக்கொள்வது. உன் அத்தை ராமாயியும் நலம். அவளுக்கு முழங்கால் வலியும் எனக்கு அவளும் இருப்பதைத் தவிர இங்கே வேறு குறை இல்லை.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. இங்கே நெருப்பெரிச்சல் ஏரியாவில் புதுக் கம்பெனி அஸ்திவாரத்துக்குக் கொட்டியிருந்த கல் லோடில் போன மாதம் பொறுக்கினேனே, அதே கல். ரிட்டயர் ஆன பிறகு நான் சேர்த்த நூற்றுப்பன்னிரண்டு கல்லில் இது ஒன்றைத்தான் நீ ஏறெடுத்துப் பார்த்தாய். நான் அனுப்பின படத்தைப் பார்த்ததும் போன் போட்டு, "மாமா, அரியலூர்ப் பக்கத்து லோடாட்ட இருக்குதுங்க. கோடி வருஷத்துக்கு முந்தின உசுரு கல்லாப் போன புதைபடிவமா இருக்கலாமுங்க. கழுவாதீங்க, தேய்க்காதீங்க, அப்படியே பேப்பர்ல சுத்தி அனுப்புங்க" என்றாய்.

அப்படியே அனுப்புவதா? முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்த்தவன் நான், ஒரு ஜட்டியைக்கூட அப்படியே அனுப்பினதில்லை. முதலில் சோப்புத் தண்ணியில் ரெண்டு நாள் ஊறப்போட்டுச் சுருக்கம் பார்த்தேன், ஒரு நூல்கூடச் சுருங்கலை, முதல் தரம் என்று அப்போதே தெரிந்துபோச்சு. ஒரு பக்கம் பழுப்புக் கறை இருந்தது, பாத்ரூம் ஆசிட்டை ஊத்தினேன், கல்லு புஸ்ஸுன்னு நுரைச்சுது, ஒரு காலத்தில் உசுரோடு இருந்ததுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும் கண்ணு? அப்புறம் டேப் வைத்து அளந்தால் இடது பக்கம் முக்கால் இன்ச் தூக்கல். அங்கே சுருட்டினாப்ல, வரிவரியாக ஒரு புடைப்பு வேறு. இப்படி ஒரு பீஸ் என் டேபிளுக்கு வந்திருந்தால் அந்த டைலரை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். கிரானைட் கடை செந்தில்வேலிடம் கொண்டுபோய்ப் பிசிறை வெட்டச் சொன்னேன்.

"ஏனுங்க, கோலம் போட்டாப்ல அழகா இருக்குதுங்களே, வெட்டோணுமுங்களா?" என்றார். தரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். வெட்டி, பாலீஷ் போட்டு, விழுந்த துண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை ஊட்டுக் குப்பையில் போட்டேன். "இத்தனை வருசம் ஓட்டையத் தேடுனீங்க, இப்பக் கல்லைத் தேடுறீங்க" என்று சொல்லிக்கொண்டே உன் அத்தை அந்தக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

இப்போது கல்லில் முகம் பார்க்கலாம். பாலிபேக் போட்டு, 'எல்' சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, 'பாஸ்' முத்திரையும் குத்தியாச்சு. இது புதைபடிவம்தான் என்று காலேஜ் தாளில் எழுதி நீ உடனே அனுப்போணும். வருகிற ஞாயிறு நடைப்பயிற்சிச் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா. 'கல்லுக்குள் உயிர் கண்ட குமாரசாமி' என்று பேனர் அடித்து வீதி முக்கில் கட்டிவிட்டார்கள். விளையாட்டில்லை கண்ணு. முப்பது வருஷமாக நான் கண்டுபிடித்ததெல்லாம் ஓட்டையும் கறையும்தான், நான் வருவதைப் பார்த்தாலே தையல் லைனில் இருக்கிற பெண்கள் முகம் சுளிப்பார்கள். நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று நாலு பேர் சொல்லி, ஒரே ஒரு தடவை கேட்க ஆசையாக இருக்கிறது.

மாகாளியாத்தா உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு டேமேஜும் இல்லாமல் முதல் தரமாக வைத்திருக்கட்டும்.

உன் மாமன்,
குமாரசாமி

பின்குறிப்பு: பார்சலுக்கு டேப் ஒட்டும்போதுதான் உன் அத்தை போனை நீட்டினாள். குப்பையில் கிடந்த துண்டைக் கழுவாமல் எடுத்து ஜன்னலில் வைத்து, படம் பிடித்து நேற்றே உனக்கு அனுப்பியிருக்கிறாள். "அத்தை, நத்தையாட்டச் சுருண்டிருக்குதே, இதுதானுங்க புதைபடிவம். மாமா பாலீஷ் போட்டிருக்கறது வெறுங்கல்லுங்க" என்று நீ எழுதியதையும் படித்தேன். ஆக, நான் பாஸ் பண்ணினது குப்பை, குப்பையில் போட்டதுதான் சரக்கு. பார்சலைப் பிரித்து, பாஸ் ஆன கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். உனக்கு வருவது அத்தையின் துண்டு, பேப்பரில் சுற்றி, அப்படியே. பேனரில் என் படத்தின் மேல் ஒட்டச் சங்கத்துக்காரர்கள் அவள் படத்தை வாங்கிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் எடுத்து வைத்திருக்கிற சேலை முந்தானையில் ரெண்டு பிசிறு தொங்குகிறது. பார்த்தேன். கத்தரியைத் தொடவில்லை.