ஷார்ஷெனின் ஒரிஜினல் ஜீப்

ரேடியேட்டரை மாட்டியாயிற்று. ஆனால் பானெட் மூடவில்லை. ஷார்ஷென் அதன்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அப்போதும் மூடவில்லை.

"இறங்குங்க. உங்க கனத்துக்கு அது மூடாது, நசுங்கும்" என்றாள் அவர் மனைவி குல்சூன்.

"ஒரிஜினல்டி இது! ஒரு ஆட்டைக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்!"

"ஆடு ஒரிஜினல். அது எனக்குத் தெரியும்."

எல்லாம் வசந்தத்தில் வந்த வினை. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து எர்கின்பெக் என்று ஒரு பணக்காரர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்க்கிற கிறுக்கு அவருக்கு. குதிரைப் பண்ணையும் உண்டு. ஷார்ஷெனின் அப்பா காலத்து ருஷ்ய ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், "பனி விழறதுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கறேன். பதிலுக்குக் கறவைக் குதிரை ரெண்டு" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

போன குளிர்காலத்தில்தான் ஷார்ஷெனின் குதிரைகளை நோய் கொண்டுபோயிருந்தது. வந்த விருந்தாளிக்கு ஒரு கிண்ணம் புளித்த குமிஸ் ஊற்றக் குதிரைப்பால் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஒரு வீடா? வரப்போகிற குதிரைகளுக்குக் குல்சூன் அப்போதே பெயர் வைத்துவிட்டாள்.

ஷார்ஷெனுக்கோ வேறொரு முள் உறுத்தியது. அந்த மனிதர் போட்டோ எடுத்தது எதையெல்லாம்? ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பற்றவைத்திருந்த பால் கேனை. சீட்டுக்குப் பதிலாகக் கட்டியிருந்த குதிரைச் சேணத்தை. கதவுக்குப் பதிலாகத் தொங்கிய, மேய்ச்சல் காலத்தில் தங்கும் கூடாரத்தின் சிவப்பு மரக்கதவை. எடுத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சிரிச்சுட்டான்டி! மானமே போச்சு. பொண்ணைக் கட்டிக் கொடுக்கறப்போ கிழிஞ்ச சட்டையோடயா அனுப்புவோம்?"

அன்றைக்கு ஆரம்பித்தது, சரியான பார்ட்ஸ் வாங்குகிற படலம்.

மூடாத பானெட்டைப் பற்றிச் சந்தையில் பார்ட்ஸ் கடைக்காரி ராயாவிடம் சண்டைக்குப் போனார்.

"வண்டி எந்த வருஷம்னு சொன்னீங்களா?"

"எங்கப்பா மீசை கறுப்பா இருந்த வருஷம்!"

"அப்ப இது இல்ல. இது பின்னால வந்த வண்டிக்கு உள்ளது. வேற தர்றேன். இன்னொரு ஆடு."

ஷார்ஷென் கத்தித் தீர்த்தார். ஆனாலும் கொடுத்தார். பானெட் மூடியது. ஆனால், பால் கேனோடு இத்தனை வருஷம் ஓடிய எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"ரேடியேட்டர் ஒரிஜினல்னா கார்புரேட்டரும் ஒரிஜினலா இருக்கணும்" என்றாள் ராயா.

போனது ஆடு. வந்தது கார்புரேட்டர். எஞ்சின் ஒருமுறை உறுமியது, கோழிகள் கூரையேறின, அதோடு சரி.

நடுவே நடுவே அக்கா மகன் ஜானிஷ் குதிரையில் வந்து நிற்பான்.

"மாமா, அந்தக் கேன் சும்மாதானே கிடக்கு?"

"உனக்கெதுக்குடா?"

"வீட்ல ஒரு ஜீப்புக் கூடு துருப்பிடிச்சுக் கிடக்கு. எதையாவது ஒட்டிப் பாப்பேன்."

அக்கா மகன் கேட்டுத் தாய்மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது. 'அக்கா மகன் ஒருத்தன் வர்றதுக்கு ஏழு ஓநாய் வரலாம்' என்று எங்களவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"எடுத்துத் தொலை மாப்ள. வீடாவது சுத்தமாகும்."

சீட்டு வந்தது, சேணம் ஜானிஷோடு போனது. சரியான சீட்டில் அமிழ்ந்து உட்கார்ந்த ஷார்ஷென் பதறினார். "ரோடு எங்கடி?"

"உங்க தலைக்கு மேல."

கதவு வந்தது, சிவப்புக் கதவும் போனது. புது இரும்புக் கதவைச் சாத்தினார். அழகாகச் சாத்திக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. கித்தான் கூரையைக் கிழித்துக்கொண்டு அவர் தலை வெளியே வந்ததைப் பார்த்துக் குல்சூன் கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டாள்.

"பட்டியில எத்தனை ஆடு இருக்குன்னாவது தெரியுமா?"

"குதிரை வருதுடி! ஆடு எதுக்கு?"

முதல் பனிக்கு முன்னால், சொன்னபடி லாரி வந்தது. பின்புறம் உயரமாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. எர்கின்பெக் இறங்கினார். துடைத்துப் பளபளக்க நிறுத்தியிருந்த ஜீப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒரு தப்பும் இல்ல" என்றார். சிரிக்கவே இல்லை.

ஷார்ஷெனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அடியே, வாளியை எடுத்துட்டு வா! குதிரைங்க பசியோட வந்திருக்கும், பாவம்!"

குல்சூன் பால் கறக்கும் வாளியோடு ஓடிவந்தாள். லாரி டிரைவர் தார்ப்பாயை உருவினான். உள்ளே நின்ற ஜீப்பில் சிவப்பு மரக்கதவு பளிச்சென்று தெரிந்தது.

ஷார்ஷென் லாரிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். குதிரைகள் எங்கே என்று கேட்டார்.

"குதிரைங்களா? வழியிலயே உங்க அக்கா மகன் வீட்ல இறக்கிட்டோமே, பெரியவரே!" என்றான் டிரைவர். "முதலாளி ஆசைப்பட்டது இந்தப் பால் கேன் வண்டிக்குத்தானே? எல்லாம் சரியா இருக்கற வண்டி எங்க கொட்டாய்ல பத்துப் பதினஞ்சு சும்மா நிக்குது!"