கெர்னல் வைத்த பெயரும் வத்தல் லாரியும்

கம்ப்யூட்டர் படித்தவர்கள் மனமறிந்து சொல்லும் பொய் ஒன்று உண்டு. புரோகிராமின் நடுவே 'இது தற்காலிகம், பிறகு சரி செய்யணும்' என்று எழுதி வைப்போம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வராது. எனக்கு மட்டும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கண்டெய்னர் லாரியில் ஏறி வந்தது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் என் பெரியப்பாவுக்கு ஓர் எடைமேடை இருக்கிறது. கப்பலேறப் போகும் கண்டெய்னர்கள் அங்கே நின்று எடைச்சீட்டு வாங்கிக்கொண்டு போகும். சீட்டு இல்லையென்றால் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். நான் இன்ஜினியரிங் முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். (அலைந்தது அப்பா. நான் வீட்டில் படுத்திருந்தேன்.) எடைமேடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லினக்ஸ் போட்ட புதுப் பெட்டி ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுபோய் வைத்தேன்.

புதுப் பெட்டியில் இரண்டு யுஎஸ்பி வயர்கள். ஒன்று தராசுக்கு, இன்னொன்று லாரியை மறித்து நிற்கும் கேட்டுக்கு. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய, ஒரே கறுப்பு நிற, மலிவு வயர்கள். சொருகுகிற கருவிகளுக்கெல்லாம் பெயர் வைப்பது லினக்ஸின் உள்மூளையான கெர்னல்தான். வகையைச் சொல்ல ஒரு பெயர், அதன் வாலில் கண்ணில் பட்ட வரிசைப்படி ஓர் எண். முதலில் பட்டது டிடிஒய்-யுஎஸ்பி-0, அடுத்தது டிடிஒய்-யுஎஸ்பி-1. நீ யார், என்ன வேலை பார்க்கிறாய் என்றெல்லாம் அது விசாரிக்காது. அன்று தராசு 0 ஆனது, கேட்டு 1 ஆனது. அப்படியே புரோகிராமில் எழுதிவிட்டேன். மாறாத பெயர் வைக்கவும் வழி உண்டு, பத்து நிமிட வேலை. பசித்தது. 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதத்தில் ஒரு நாள் அப்படி நிறுத்துவது வழக்கம். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோது ஐந்து லாரிகள் காத்திருந்தன. முதலாவது, விளாத்திகுளத்து மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவருடையது. டிரைவர் சேவியர் அண்ணன் மேடையில் ஏற்றி நிறுத்தினார். நான் பெட்டியைப் போட்டேன்.

எடை வரவில்லை. அதற்குப் பதிலாக, லாரியின் முன்னால் இருந்த கேட்டின் கை மேலே போனது. பிறகு கீழே வந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. கண்ணாடியை உடைத்துவிடும் என்று சேவியர் அண்ணன் வண்டியை நகர்த்த மறுத்துவிட்டார். பின்னால் நான்கு லாரிகள் நின்றதால் பின்வாங்கவும் வழியில்லை. கேட்டைத் தூக்கி நிறுத்தலாம் என்று திரையில் 'திற' பொத்தானை அமுக்கினேன். வெளியே இருந்த பெரிய எண் பலகையில் பூஜ்யம் என்று வந்தது.

சேவியர் அண்ணன் தலையை நீட்டினார். "பாப்பா, என் வண்டி சைபர் கிலோவா? அப்ப தலைல தூக்கி வச்சிட்டுப் போயிருதேன்."

யாரும் சிரிக்கவில்லை. வத்தல் வியாபாரி இறங்கி அறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, வெளிநாட்டுக்கு இது எனக்கு மொத லோடு. அஞ்சு மணிக்கு மேல இந்தக் கப்பலுக்கு உள்ள விடமாட்டாவ. இது தப்பிட்டுன்னா அடுத்த ஆர்டர் எனக்குக் கெடையாது."

'சர்வர் பிரச்சினை அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம்' என்றேன். (அங்கே சர்வரே கிடையாது.) பெட்டியை அணைத்துப் போட்டேன். கேட்டு மறுபடி தலையாட்டியது. மேசைக்கு அடியில் படுத்து வயர்களைப் பார்த்தேன். எல்லாம் சொருகித்தான் இருந்தன. பெரியப்பா வெளியே நின்று யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நாலே கால் ஆகிவிட்டது.

அப்போதுதான் கல்லாவில் இருந்த பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார். "மத்தியானம் கரண்ட் இல்லன்னு பெட்டியத் தொடச்சி, பொட்டு வச்சி, எல்லா வயரையும் பழையபடி மாட்டிட்டேன் ஏளா. அதுல ஒண்ணும் கொறையில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வயரும் குழி மாறிப் போயிருந்தன. பெட்டி விழித்ததும் கெர்னல் கண்ணில் கேட்டு முதலில் பட்டு, அது 0 என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. தராசிடம் 'எடை சொல்' என்று என் புரோகிராம் கேட்டதெல்லாம் கேட்டுக்குப் போய், அது மேலும் கீழும் ஆடியது. கேட்டுக்கு அனுப்பிய 'திற' தராசுக்குப் போக, அது 'இப்போது மேலே இருப்பதைப் பூஜ்யமாக வை' என்று புரிந்துகொண்டு, லாரியையே பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டது.

அந்த நேரத்தில் நான் செய்தது இன்றும் தலைகுனிய வைக்கிறது. வியாபாரியைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி, "இவங்க வயரைப் பிடுங்கினதுதான் அண்ணாச்சி காரணம்" என்றேன்.

பெரியம்மா முகம் சுருங்கிப்போனது. "இருவது வருசமா வெள்ளிக்கெழம கழத்தித்தான் தொடைக்கேன். பழைய பெட்டி ஒரு நாளும் சடைச்சதில்லையே" என்றார்.

உண்மைதான். பழைய பெட்டியில் தராசுக்கு ஒரு வடிவக் குழி, கேட்டுக்கு வேறு வடிவம். மாற்றிச் சொருகவே முடியாது. நான் சிரித்தது அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான்.

வயர்களை மாற்றிச் சொருகிப் பெட்டியை மறுபடி போட்டேன். கேட்டு அடங்கியது. ஆனால் தராசு லாரியைப் பூஜ்யம் என்றே சாதித்தது. கேட்டைத் தாண்டவிட்டால் துறைமுகச் சாலை நெரிசலில் திரும்பி ஏற முடியாது என்று பெரியப்பா நான்கு டிரைவர்களையும் கெஞ்சி லாரிகளைப் பின்னால் தள்ளி, மேடையைக் காலி செய்து, தராசைச் சரியாக்கி, வத்தல் லாரியை மறுபடி ஏற்றினார். சீட்டு வந்தபோது நாலு நாற்பது. வியாபாரி அதை வாங்கிக்கொண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினார். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் சேவியர் அண்ணன் போன் செய்தார், உள்ளே போய்விட்டார்கள். பெரியப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே குழிகளுக்கு மாறாத பெயர் எழுதி, ஒவ்வொரு வயருக்கும் அதன் குழிக்கும் ஒரே நிறப் பெயிண்டும் அடித்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த வரிசைப்படி ஒருத்தி கையில் 1, இன்னொருத்தி கையில் 2 என்று பட்டை கட்டியிருந்தார்கள். பார்க்க வந்த பெரியம்மா இரண்டு பட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"ஏளா, இதுல எது தராசு, எது கேட்டு?"

தையல் வலியோடு சிரித்தேன். ஜோசியர் பார்த்துச் சொன்ன நல்ல பெயர்கள் இருவருக்கும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கின்றன. சொந்தக்காரர்களுக்கு மூத்தவள் தராசு, இளையவள் கேட்டு.

போன வாரம் இளையவள் தனக்கு ஏன் இந்தப் பெயர் என்று அழுதாள். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு தலையாட்டியதற்குச் சிரித்தாள், சைபர் கிலோவுக்கு உருண்டு சிரித்தாள். கடைசியில் கேட்டாள்:

"அப்ப பெரியம்மா பாட்டி மேல தப்பே இல்லையேம்மா. நீ சாரி சொன்னியா?"

இல்லை என்றேன். எழுந்து போய் என் போனை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.